சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை: தனி வண்டியில் ஒருநாள் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டி, அனுராதபுரம், பொலன்னறுவை என்னும் மூன்று பழைய தலைநகரங்களுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை இலங்கையில் கலாசார முக்கோணம் என்று அழைக்கிறார்கள். அதன் நடுவில் தம்புள்ளைக் குகைக் கோயிலும் சிகிரியாக் குன்றும் இருக்கின்றன. சிகிரியாவும் பொலன்னறுவையும் 1982-இலும், தம்புள்ளை 1991-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வருகிறவர்களும், ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களும், கொழும்பிலோ கண்டியிலோ தங்கியிருந்து, ஒரு வண்டியை ஓட்டுநரோடு ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டு இந்த இடங்களுக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது.

பேருந்தில் குழுவோடு செல்வதைவிடத் தனி வண்டிக்குப் பணம் கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்குக் கிடைப்பவை இரண்டு. ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாமே முடிவு செய்யலாம். நம்முடைய கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்ல ஒருவர் உடன் வருவார். பயணத்தை முடித்துக் களைப்போடு திரும்புகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலானோர் இந்த இரண்டையும் காலையிலேயே தங்களை அறியாமல் விட்டுக்கொடுத்திருப்பது தெரியவரும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த விட்டுக்கொடுத்தலின் வெவ்வேறு வடிவங்கள்தாம்.

வரைபடத்தை நம்பி மூன்று இடங்களையும் ஒரே நாளில் அடைப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வரைபடத்தில் மூன்று இடங்களும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். கண்டியிலிருந்து தம்புள்ளை சுமார் 72 கிலோமீற்றர். தம்புள்ளையிலிருந்து சிகிரியா ஏறக்குறைய 20. சிகிரியாவிலிருந்து ஹபரணை வழியாகப் பொலன்னறுவை 60-ஐ ஒட்டி வரும். அங்கிருந்து கண்டிக்குத் திரும்ப 140. கூட்டினால் 290 கிலோமீற்றருக்குக் குறையாது. இலங்கையின் இருவழிச் சாலைகளில், பேருந்துகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே, மாத்தளை, தம்புள்ளை போன்ற நகரங்களின் நெரிசலையும் கடந்து செல்லும்போது, மணிக்கு 40 கிலோமீற்றர் என்பதே நியாயமான சராசரி. ஆக ஏழு மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள்ளேயே கழிந்துவிடும். சிகிரியாவில் ஏறி இறங்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம், தம்புள்ளைக்கு ஒன்றரை மணி நேரம், பொலன்னறுவையை ஓரளவு பார்க்க மூன்று அல்லது நான்கு மணி நேரம், உணவுக்கு ஒரு மணி நேரம் என்று சேர்த்தால், இரவின் இரு முனைகளையும் தொடாமல் அந்த நாள் முடியாது. கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்கோ தம்புள்ளையை அடையவே 150 கிலோமீற்றர் ஓட்டம் இருக்கிறது.

இப்படிப்பட்ட நாளில் எது முதலில் பலியாகும் என்பதைச் சொல்லிவிடலாம். பட்டியலில் கடைசியாக வைக்கப்படும் பொலன்னறுவைதான். மாலை நான்கு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்து, வட்டதாகே என்னும் வட்டமான கோயிலைச் சுற்றி வந்து, பாறையில் புத்தர் உருவங்கள் செதுக்கப்பட்ட கல் விகாரையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் புறப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓர் அரசின் தலைநகராக விளங்கிய நகரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

கண்டியிலிருந்து ஒருநாள் மட்டும் கையில் இருந்தால், அதிகாலையில் சிகிரியா, திரும்பும் வழியில் தம்புள்ளை என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பொலன்னறுவைக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள். கொழும்பில் தங்கியிருப்பவர்கள், ஓர் இரவையாவது தம்புள்ளையிலோ ஹபரணையிலோ சிகிரியாவை ஒட்டிய சிற்றூர்களிலோ கழித்தால், மறுநாள் காலை வாயில் திறக்கும்போதே குன்றின் அடியில் இருக்கலாம். அது முடியாவிட்டால் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்துகொண்டு அதை நன்றாகப் பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டோமே என்ற குறை சில நாள்களில் ஆறிவிடும். மூன்றையும் பார்த்தும் எதையும் பார்க்காத குறை அப்படி ஆறுவதில்லை.

வண்டி ஓட்டுபவரே வழிகாட்டி என்று எண்ணிக்கொள்வது

வாடகை பேசும்போது "வழிகாட்டியும் உண்டு" என்று சொல்லப்படுவதன் பொருளை யாரும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில்லை. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குப் பயிற்சியளித்து, தேசிய வழிகாட்டி, ஓட்டுநர் வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை பிரித்து உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்ற ஓட்டுநர் வழிகாட்டி, வண்டியை ஓட்டுவதோடு இடங்களைப் பற்றி விளக்கவும் தகுதி பெற்றவர். வெறும் ஓட்டுநர் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் நல்ல மனிதராகவும் சாலையை நன்கு அறிந்தவராகவும் இருக்கலாம். ஆனால் சிகிரியாவின் வாயிலில் உங்களை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருப்பதோடு அவர் பணி முடிந்துவிடுகிறது. உள்ளே யாருடைய துணையுமின்றி நடக்கும் குடும்பம், வாயிலருகே அணுகுகிற எவரையாவது அவசரத்தில் அமர்த்திக்கொள்ளும். அவரிடம் உரிமம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் உடன் இருப்பார், குன்றின் உச்சிவரை வருவாரா, கட்டணம் ஒருவருக்கா குழுவுக்கா என்பவற்றை ஏறத் தொடங்குவதற்கு முன்பே பேசாவிட்டால், பாதி வழியில் மனத்தாங்கல் வந்துவிடும்.

ஆகவே வண்டியைப் பதிவு செய்யும்போதே, வருகிறவர் எந்த வகை உரிமம் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அடுத்து மொழி. தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, சீனம் பேசுகிறவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வீட்டுப் பெரியவர்களும் சிறுவர்களும் உடன் வருகிறார்கள் என்றால், சில நாள்களுக்கு முன்பே தமிழ் வழிகாட்டியைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அந்த நாளின் தன்மையையே மாற்றிவிடும். தாத்தாவுக்குப் பேரன் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே படியேறும்போது இருவருமே பாதியைத் தவறவிடுகிறார்கள்.

கடைகளில் கரையும் மணித்துளிகள்

கண்டியிலிருந்து வடக்கே போகும் சாலையில், மாத்தளையைச் சுற்றி, வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பத்திக் துணிக்கடைகள், மரச் சிற்பக் கூடங்கள், இரத்தினக்கல் விற்பனை நிலையங்கள் ஆகியவற்றுக்கும் குறைவில்லை. வாடிக்கையாளரை அழைத்து வருகிறவருக்கு விற்பனையில் ஒரு பங்கு கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக ஊறிப்போன முறை. மிகக் குறைந்த வாடகைக்கு வண்டி கிடைக்கும்போது, மீதிப் பணம் எங்கிருந்து ஈடு செய்யப்படும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் நிறுத்தினால், செடிகளைக் காட்டி, எண்ணெய் தேய்த்துவிட்டு, மருந்துப் புட்டிகள் அடுக்கிய அறைக்கு அழைத்துச் சென்று முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். காலை எட்டு மணிக்கு இழக்கும் முக்கால் மணி நேரம், சிகிரியாவின் இரும்புப் படிகளில் பதினொரு மணி வெயிலாக நம் தலையில் இறங்கும்.

கடைகள் வேண்டாம் என்பதை வண்டியில் ஏறிய பிறகு சொல்வதைவிட, பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை. அதோடு, நியாயமான வாடகையைக் கொடுக்கவும், ஓட்டுநரின் உணவுக்கும் இரவு தங்க நேர்ந்தால் அவருடைய படுக்கைக்கும் பொறுப்பேற்கவும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இதே சாலையில், எந்தக் கடையும் தராத சில இடங்களைத் தவறவிட்டுக்கொண்டே வண்டிகள் ஓடுகின்றன. மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்டு வந்த பாளி பௌத்த நூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. இன்னும் வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே ஒதுங்கி, நாலந்தா கெடிகே என்னும் சிறிய கற்கோயில் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது. பல்லவர் கால மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு அதன் தளமும் விமானமும் கூடுகளும் உடனே புரியும். ஆனால் அது பௌத்த வழிபாட்டோடு இணைந்த கட்டடம். நீர்த்தேக்கம் எழுந்தபோது மூழ்கவிருந்த அந்தக் கோயிலை, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல் கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். அரை மணி நேரம் போதும். தீவின் கலை வரலாற்றில் தென்னிந்தியக் கட்டடக் கலையும் பௌத்தமும் எப்படிக் கலந்தன என்பதை இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை இந்த வழியில் காண முடியாது. கடையில் நிற்பதற்குப் பதிலாக இங்கே நிறுத்துமாறு ஓட்டுநரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சிகிரியாவில்: நேரம், உடல், சுவர்

சிகிரியாவில் சுமார் 1,200 படிகள் இருக்கின்றன. குன்று சுற்றுப்புறத் தரையிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றர் எழுகிறது. உச்சிக்குச் செல்லும் கடைசிப் பகுதி, பெரிய சிங்கச் சிலையின் எஞ்சிய பாதங்களுக்கு இடையில் தொடங்கி, பாறையின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட குறுகிய இரும்புப் படிகளால் ஆனது. பத்து மணிக்குப் பிறகு பாறையும் இரும்பும் சுடத் தொடங்குகின்றன. சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேர்ந்துவிடுவதால், ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டியிருக்கிறது. வாயில் திறக்கும்போதே நுழைந்துவிடுவது இங்கே வசதிக்காகச் சொல்லப்படும் அறிவுரை அன்று. இதய நோயோ மூட்டு வலியோ உயரத்தைக் கண்டால் தலைசுற்றலோ உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பு. பாதிப் பாறையில் நின்று முடிவெடுப்பதைவிட, யார் ஏறுவது, யார் கீழே தங்குவது என்பதை முந்தின இரவே வீட்டாரோடு பேசிவிடுங்கள். கீழே தங்குபவர்களுக்கு இழப்பு என்று எண்ண வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நீர்த்தோட்டங்களும் பாறைத் தோட்டங்களும், ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கின்றன. மழைக்காலத்தில் நீர் நிறையும்போது அந்தப் பழைய நீரூற்றுகளில் சில இன்றும் பொங்குவதுண்டு.

சிங்கப்பாத மேடையில் குளவிக் கூடுகள் உண்டு. உரத்த கூச்சல், கல் எறிதல், கடும் வாசனைத் தைலம் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி எச்சரிக்கைப் பலகைகள் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்கி வெளியேறும் வழி, நுழைந்த வழியிலிருந்து வேறுபடுவதால், ஓட்டுநர் எந்த நிறுத்துமிடத்தில் காத்திருப்பார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவழியின் நடுவே, பாறையின் குடைவில், புகழ்பெற்ற பெண் ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே படம் எடுக்கத் தடை உள்ளது. 1967-இல் யாரோ பச்சை வண்ணத்தை அள்ளிப் பூசி அவற்றைச் சிதைத்ததையும், மிகுந்த உழைப்பால் அவை மீட்கப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு அந்தத் தடையின் கடுமை புரியும். அடுத்து வரும், பளபளக்க மெருகிடப்பட்டதால் கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த பார்வையாளர்கள் அந்தப் பெண்களை வியந்து சிங்களத்தில் கவிதைகளைக் கீறிச் சென்றிருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956-இல் வெளியிட்டார். பழையவர்கள் எழுதியிருக்கிறார்களே என்று இன்று ஒருவர் தம் பெயரைக் கீறினால் அது தண்டனைக்குரிய குற்றம். 2015-இல் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், இந்தச் சுவரில் எழுதியதற்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் சனாதிபதியின் பொதுமன்னிப்பால் விடுதலையானார். அந்தச் சுவர் என்ன, அதில் எழுதினால் என்ன ஆகும் என்று உடன் வந்த ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தத் துன்பம் நேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் சுவரை அடையுமுன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கேட்ட கதையை வரலாறாக எடுத்துக்கொள்வது

சிகிரியாவைப் பற்றித் தமிழ்ப் பயணிகள் வழிகாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இராவணனைப் பற்றியது. இது இராவணனின் கோட்டை என்று காணொளிகள் பல சொல்கின்றன. வருகிறவர்கள் அதையே கேட்க விரும்புகிறார்கள் என்பதை அறிந்த சில வழிகாட்டிகளும் அதையே சொல்லிவிடுகிறார்கள். இங்கே நடந்த அகழாய்வுகள் எதுவும் அதற்குச் சான்று தரவில்லை. பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்வது வேறு: தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தப்பி இந்தியாவுக்குச் சென்ற சகோதரன் முகலன் படையோடு திரும்புவான் என்ற அச்சத்தில் இங்கே தலைநகரை அமைத்து, கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டான். அதற்கும் மாற்றுக் கருத்து உண்டு. இது அரண்மனையாக இருந்ததில்லை, பௌத்த மடாலயமாகவே இருந்தது என்று வாதிட்ட தொல்லியலாளர் இருக்கிறார். ஓவியப் பெண்கள் தேவ மகளிரா, கோயிலுக்கு மலரேந்திச் செல்லும் அரண்மனைப் பெண்களா, மேகத்தையும் மின்னலையும் உருவகித்தவர்களா என்பதிலும் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை.

ஒரு கதையை முடிந்த முடிவாகச் சொல்கிற வழிகாட்டியிடம், "இது எந்த நூலில் இருக்கிறது? கல்வெட்டு ஏதேனும் உண்டா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார். அதன் பிறகு அவர் பேசும் விதமே மாறிவிடும். தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தின் முழுப் பயனும் அந்தக் கணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பொலன்னறுவையில் வண்டி நிற்காத இடங்கள்

பொலன்னறுவையில் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. பராக்கிரம சமுத்திரம் என்னும் பெரிய ஏரியை ஒட்டிய அருங்காட்சியகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பலர் செய்யும் தவறு. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே முதலில் அதற்குள் சென்றுவிட வேண்டும். இன்று செங்கற் சுவர்களாக நிற்கும் கட்டடங்கள் முழுமையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் அரண்மனையின் முன் போய் நிற்கிறவருக்கு அது தடித்த சுவராக மட்டுமே தெரியும்.

நகரின் இடிபாடுகள் தெற்கு வடக்காகப் பல கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றன. பழக்கமான சுற்று, அரண்மனை, வட்டதாகே முதலிய கோயில்கள் கூடிய புனித முற்றம், ரன்கொத் விகாரை என்னும் தூபி, லங்காதிலக சிலைமனை, கல் விகாரை என்று போகும். கல் விகாரையின் நான்கு உருவங்களும் ஒரே பாறையில் செதுக்கப்பட்டவை. கிடந்த நிலையிலுள்ள புத்தர் 14 மீற்றர் நீளம். அவற்றின் முன் அமர்ந்திருக்க எவ்வளவு நேரம் கொடுத்தாலும் மிகையாகாது. ஆனால் முதன்மைச் சுற்றிலிருந்து சற்றே விலகியிருக்கும் இரண்டாம் சிவ தேவாலயத்தில் பல வண்டிகள் நிற்பதே இல்லை. இந்நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். முதலாம் இராசராசனின் அரசியும் இராசேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் அது வானவன்மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. 993-இல் அனுராதபுரத்தை வீழ்த்திய சோழர், பொலன்னறுவையைத் தலைநகராக்கி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டிருந்தனர். 1070-இல் சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். படையெடுப்பில் வந்தவர்கள் கட்டிய அந்தச் சிறிய கற்கோயில், சுவரும் விமானமும் நிற்க, ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. சோழ அரசன் அதிராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் அங்கே உண்டு.

புனித முற்றத்தில், அட்டதாகே என்னும் பழைய கட்டடத்தின் அருகே, வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. வேளைக்காரர் தமிழ்ப் படையினர். விஜயபாகு காலத்தில் கட்டப்பட்ட புத்தரின் புனிதப் பல் கோயிலைத் தாங்கள் காப்பதாக அவர்கள் உறுதி கூறிப் பொறித்த தமிழ்ச் சாசனம் அது. சிங்கள அரசனின் பௌத்தக் கோயிலுக்குத் தமிழ் வீரர்கள் காவல். அந்தக் கல்லின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று, வரலாற்றில் யார் யாரோடு நின்றார்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த அளவுக்கு எளிதன்று என்பதை எண்ணிப் பார்ப்பது எல்லாருக்கும் நல்லது. அதே முற்றத்தில் நிசங்கமல்லன் என்னும் அரசனின் கல்பொத என்னும் நீண்ட கல் நூலும் கிடக்கிறது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைக் காட்டுவார்கள், வேளைக்காரர் கல்லைக் கேட்டால்தான் காட்டுவார்கள்.

சோழர் சின்னங்களை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மற்றவற்றை அலட்சியமாகக் கடப்பதும் தவறுதான். வடகோடியிலுள்ள திவங்க சிலைமனையில் பழைய சுவரோவியங்களின் எச்சங்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகிற பயணிகள் குறைவு என்பதால் அங்கே அமைதியாகப் பார்க்கலாம். தெற்கே, பொத்குல் விகாரைக்கு அருகில், கையில் ஏடு போன்ற ஒன்றை ஏந்திப் பாறையில் நிற்கும் உருவத்தை, இந்நகரை ஆண்ட அரசன் பராக்கிரமபாகு என்றே பலர் அறிமுகப்படுத்துவார்கள். அகத்தியர் போன்ற ஒரு முனிவராக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. வழிகாட்டி எந்தக் காரணத்தால் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்க இது நல்ல இடம்.

உடை, காலணி, வழிபாட்டு இடத்தின் ஒழுங்கு

இவை இடிபாடுகள் என்று நாம் நினைப்பவற்றில் பல இன்றும் வழிபாட்டு இடங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். காலணியையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் வட்டதாகேயின் கல் தரை காலைப் பொசுக்கும் என்பதால், தடித்த காலுறை ஒரு சோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை இங்கே அவமதிப்பாகக் கொள்கிறார்கள். சிலையின் மடியிலோ பீடத்திலோ ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2014-இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். பின்னர் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது என்றாலும், பயணம் போனது போனதுதான்.

தம்புள்ளையில் ஐந்து குகைகள். முதல் குகையில் 14 மீற்றர் நீளத்தில் புத்தர் கிடக்கிறார். இரண்டாவதான மகாராஜ குகையே பெரியது, அங்கே வலகம்பா அரசனின் உருவமும் விஷ்ணுவின் உருவமும் புத்தர்களோடு நிற்கின்றன. கூரை முழுதும் ஓவியம் என்பதால், இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்று பார்க்க வேண்டும். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. சாலையோரத்தில் தெரியும் பெரிய பொன்னிறப் புத்தர் சிலை அண்மைக் காலத்தது. குகைகள் மேலே இருக்கின்றன. நுழைவுச்சீட்டு எங்கே தருகிறார்கள் என்று ஏறத் தொடங்குமுன் கேளுங்கள், உச்சிவரை சென்று திரும்பி இறங்கியவர்கள் உண்டு. குரங்குகள் மிகுதி என்பதால் உணவுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். போயா எனப்படும் பௌர்ணமி நாள்களில் இங்கே பக்தர் கூட்டம் நிறையும். அதைக் காண்பதற்கென்றே வருவதானால் நல்லது; ஓவியங்களை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சீட்டும் கடவுச்சீட்டும்

இலங்கைக் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. வெளிநாட்டவருக்குச் சிகிரியாவில் ஒருவருக்கு 30 அமெரிக்க டாலருக்குக் குறையாது. இந்தியா உள்ளிட்ட சார்க் என்னும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் ஏறக்குறைய பாதிக் கட்டணம். ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் அதை விடுதிப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு வந்து, நான்கு பேருக்கும் முழுக் கட்டணம் செலுத்துவது அடிக்கடி நிகழ்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தாலும் இன்று கனடாக் கடவுச்சீட்டு மட்டுமே வைத்திருப்பவர் வெளிநாட்டவர் கட்டணத்தையே செலுத்த வேண்டும். சாளரத்தில் நின்று தமிழிலோ சிங்களத்திலோ பேசி வாதாடுவதில் பயனில்லை. சிகிரியாவும் பொலன்னறுவையும் மத்திய கலாசார நிதியத்தின் பொறுப்பில் உள்ளன, தம்புள்ளை கோயிலின் நிருவாகத்தில் இருக்கிறது; ஓரிடத்துச் சீட்டு மற்றோரிடத்தில் செல்லாது. வாடகையில் நுழைவுச்சீட்டும் அடங்கியிருக்கிறதா என்பதைப் பதிவு செய்யும்போதே தெளிவுபடுத்தாவிட்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வண்டி வாடகையைவிடச் சீட்டுச் செலவு மிகுந்துவிடக்கூடும்.

திரும்பும் வேளை

கடைசியாக, இருட்டியபின் வண்டியை விரட்டச் சொல்லும் தவறு. பொலன்னறுவையிலிருந்து ஹபரணை வரும் சாலை, மின்னேரியாத் தேசியப் பூங்காவை ஒட்டியும் காட்டு யானைகள் உலவும் பகுதிகள் ஊடாகவும் செல்கிறது. அந்தி நேரத்திலும் இரவிலும் யானைகள் சாலையைக் கடக்கும், சில வேளைகளில் சாலையிலேயே நிற்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் அவரை அவசரப்படுத்தக் கூடாது. யானையைக் கண்டு படம் எடுப்பதற்காக வண்டியிலிருந்து இறங்கவோ பழம் நீட்டவோ கூடாது. அதிகாலை நான்கு மணிக்கு நம்மை ஏற்றிய அதே மனிதர்தான் இரவு எட்டு மணிக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கிறார். பொலன்னறுவையை மாலை ஐந்து மணிக்குள் விட்டுப் புறப்பட்டால் ஹபரணையை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். அதற்குப் பிந்திவிட்டால், கண்டிவரை ஓட்டச் சொல்லாமல் ஹபரணையில் தங்கிக்கொள்ளுங்கள். அங்கே எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு.